ஏரிக்கு ஒரு சட்டம், ஓடைக்கு ஒரு சட்டம், கிணற்றுக்குச் சட்டமே இல்லை: தருமபுரி, கிருஷ்ணகிரி பாசனத்தின் உள்கணக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு மழை பெய்தால் அந்தத் தண்ணீர் குன்றிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து வயலுக்கும், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் போகிறது. எல்லாம் ஒரே தண்ணீர். ஆனால் ஓடையில் ஓடும்போது அது வருவாய்த்துறையின் கணக்கு. ஏரியில் நிற்கும்போது நீர்வளத்துறையுடையது, அல்லது ஊராட்சி ஒன்றியத்துடையது. மண்ணுக்குள் இறங்கியதும் மேலே நிலம் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பகுதியின் தண்ணீர்த் தகராறுகள் பலவும் தீராமல் இழுப்பதற்குக் காரணம், தகராறு ஒரு துறையின் எல்லையில் தொடங்கி இன்னொரு துறையின் எல்லையில் முடிவதுதான். தாசில்தார் அலுவலகத்தில் கொடுத்த மனு ஒன்றிய அலுவலகத்துக்கும், அங்கிருந்து உதவிப் பொறியாளருக்கும் போய்த் திரும்பி வரும். அதற்குள் அறுவடை முடிந்திருக்கும்.

நிலத்தின் அமைப்பிலிருந்தே பார்க்கலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தருமபுரி 500 மீட்டருக்கும் கீழே. ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கின்றன. செப்டம்பர், அக்டோபரில்தான் கணிசமான மழை. அடியில் பாறை, மேலே மெல்லிய மண். பெய்த மழை சில மணி நேரத்தில் ஓடையில் ஓடி முடிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பிடித்துவைக்காவிட்டால் தண்ணீர் இல்லை. இங்கே ஏரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்ததற்குக் காரணம் இதுதான். மேல் ஏரி நிரம்பிக் கோடி (உபரி நீர் வழியும் கலிங்கு) போனால் அந்தத் தண்ணீர் போக்குக்கால் வழியே கீழ் ஏரியின் வரத்துக்காலாக மாறும். ஒன்றின் வடிகால்தான் இன்னொன்றின் வரத்து.

ஓர் ஏரி எவ்வளவு நிலத்துக்குத் தாங்கும் என்பதைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். 10 லட்சம் கன அடி, அதாவது ஒரு மில்லியன் கன அடித் தண்ணீர், சுமார் 23 ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும். நெல்லுக்கு நடவு முதல் அறுவடை வரை ஏறத்தாழ 4 அடி ஆழத் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால், ஒரு மில்லியன் கன அடி 5 முதல் 6 ஏக்கர் நெல்லை விளைவிக்கும். ராகிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதே தண்ணீரில் 16, 17 ஏக்கர் ராகி எடுக்கலாம். ஆவியாவதையும் கரையில் கசிவதையும் கழித்தால் இன்னும் குறையும். 100 ஏக்கர் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) முழுவதும் நெல் போட வேண்டுமென்றால் 17 மில்லியன் கன அடிக்கு மேல் வேண்டும். சிறிய ஏரி ஒன்று அதை ஒரே நிரப்பில் தராது. பருவத்தில் இரண்டு, மூன்று முறை நிரம்ப வேண்டும். ஆகவே ஏரியின் கொள்ளளவைவிட வரத்துக்கால் திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இனி சட்டத்துக்கு வருவோம். 1792ல் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், இந்தப் பகுதியின் பெரும்பாலான நிலம் அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து, உழவரோடு நேரடியாகத் தீர்வை (நிலவரி) பேசும் ரயத்துவாரி முறையைப் பழகிப் பார்த்தார்கள். பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது போனது. இடையில் நிலங்களை மிட்டாக்களாக (சிறு ஜமீன்களாக)ப் பிரித்து ஏலம் விட்ட காலமும் உண்டு. 1948ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அவற்றின் ஏரிகள் அரசுக்கு வந்தன. இன்றும் பதிவேடுகளில் ‘முன்னாள் ஜமீன் ஏரி’ என்ற பெயரில் அவை தனியாக நிற்கும்.

ரயத்துவாரியில் தண்ணீர் உரிமை தனியாக எழுதப்படவில்லை, தீர்வைக்குள் அடங்கியிருந்தது. நன்செய் என்று பதிவான நிலத்தின் தீர்வையில் தண்ணீரின் விலையும் சேர்ந்தே இருக்கிறது. எனவே அந்த நிலத்துக்கு வழக்கமாக வந்த தண்ணீரை அரசு தர வேண்டும். அந்த வழக்கமான அளவு குறையாதவரை, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதை அரசே முடிவு செய்யலாம் என்பது நீதிமன்றங்கள் நூறாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவரும் நிலை. புன்செய் நிலத்துக்கு அரசு ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்தால் அதற்குத் தனித் தீர்வை; 1865ன் பாசனத் தீர்வைச் சட்டம் இதற்காக வந்தது. கிராமக் கணக்கில் ‘தீர்வை ஜாஸ்தி’ என்று இருந்தால் அது இந்த வகை. ஒருபோக நன்செயில் இரண்டாம் போகம் எடுத்ததற்குப் போட்டது ‘பசலி ஜாஸ்தி’. இன்று இந்தத் தொகைகள் மிகச் சிறியவை. ஆனாலும் ரசீதைத் தூக்கி எறியக் கூடாது. ஏரித் தண்ணீர் இந்த நிலத்துக்கு வழக்கமாக வந்தது என்பதற்குப் பழைய அடங்கலும் (கிராமப் பயிர்க் கணக்கு) இந்த ரசீதுகளும்தான் எழுத்துச் சான்று. இந்தக் கணக்குகளில் வரும் பசலி ஆண்டு (வருவாய்த்துறையின் கணக்காண்டு) ஜூலை 1ல் தொடங்கும். அந்த நாளுக்குப் பிந்தைய மாதங்களுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி வரும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434.

இத்தனைக்கும் சென்னை மாகாணத்துக்கென்று முழுமையான பாசனச் சட்டம் ஒன்று கடைசிவரை வரவில்லை. வந்தவை எல்லாம் துண்டுச் சட்டங்கள். அவற்றில் ஒன்று 1858ன் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் அபாயத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கலாம். குடிமராமத்து (ஊராரே ஏரியைப் பராமரிக்கும் முறை) வழக்கத்தில் உள்ள வேலைக்கு வர மறுப்பவர், அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும். குடிமராமத்தைப் பற்றி இன்று இனிக்க இனிக்கப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வரத்துக்கால் தூர் எடுப்பது, மழை அரித்த கரைப் பள்ளத்தை நிரப்புவது, புதர் வெட்டுவது, வெள்ள இரவில் காவல் நிற்பது என்று வேலை பெரிது. அதில் யார் மண் சுமந்தார்கள், யார் நிழலில் நின்று கணக்குப் பார்த்தார்கள் என்பது சாதியைச் சார்ந்தே இருந்தது. மதகு திறந்து மூடி, மடைமாற்றித் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கூலி அறுவடைக் களத்தில் தானியமாக வள்ளக் கணக்கில் வந்தது. அந்தக் கூலி நின்றபோது நீர்க்கட்டி வேலையும் நின்றது. இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஏரிகளை யார் பராமரிப்பது என்பதில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி நீர்வளத்துறைக்கு (முன்பு பொதுப்பணித்துறை). அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஆனால் சங்கிலி இந்தக் கோட்டைப் பார்த்து அமைந்ததல்ல. மேலே இரண்டு ஒன்றிய ஏரி, நடுவில் ஒரு நீர்வளத்துறை ஏரி, கீழே மறுபடியும் ஒன்றிய ஏரி என்று கலந்தே வரும். 2007ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கு மட்டுமே பொருந்தும். அதன்படி ஏரியை அளந்து எல்லையைப் பதிவு செய்து, ஆக்கிரமித்தவரை வெளியேற்றலாம். வெளியேற்றும் முன் நோட்டீஸ் தந்து விளக்கம் கேட்க வேண்டும் என்று 2010ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒன்றிய ஏரி என்றால் 1905ன் நில ஆக்கிரமிப்புச் சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே 7ஆம் பிரிவில் விளக்கம் கேட்கும் நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் வெளியேற்றும் உத்தரவு, அதன்மேல் மேல்முறையீடு. ஒரே ஓடையால் இணைந்த இரண்டு ஏரிகளில் ஒரே ஆள் ஆக்கிரமித்திருந்தாலும் இரண்டு கோப்பு, இரண்டு அதிகாரி.

ஆக்கிரமித்தவர் கையில் பெரும்பாலும் இருப்பது பி-மெமோ ரசீது. அரசு நிலத்தை அனுமதியின்றி உழுததற்காக ஆண்டுதோறும் விதிக்கும் தண்டத் தீர்வை அது. இருபது வருட பி-மெமோ இருக்கிறது, ஆகவே நிலம் எனது என்று பேசுவார்கள். பி-மெமோ அனுபவத்தைக் காட்டுமே தவிர உரிமையைத் தராது. நீர்நிலைப் புறம்போக்கில் சிறிதும் தராது. குளத்து நிலத்தை வீட்டுமனையாகக் கொடுக்க முடியாது என்று 2001ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கிலும், ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு முறைப்படுத்தித் தரக் கூடாது என்று 2011ல் ஜக்பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2005ன் எல்.கிருஷ்ணன் வழக்குத் தீர்ப்பு ஓடைப் புறம்போக்கைப் பற்றியதுதான். நீர்நிலைகளைக் கண்டறிந்து மீட்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. உள்வாயில் (ஏரியின் நீர் நிற்கும் உட்பகுதியில்) பயிரிடும் ஏழைக் குடும்பத்தை வெளியேற்றும் வேகம், அதே உள்வாயில் எழுந்த கட்டடங்களிடம் காட்டப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏரிச் சண்டையில் மிகப் பழையது கோடி மட்டம். கோடியின் தலைமட்டம்தான் ஏரியின் முழு நீர்மட்டம். 1883ல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் ஏரிவாரியாகக் குறிப்பேடு எழுதினார்கள்: கோடி மட்டம், கோடியின் நீளம், மதகின் அடிமட்டம், மதகுத் துளையின் அளவு, கரை உச்சி மட்டம். இந்தக் குறிப்பேட்டின் நகல் நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். கோடியை ஓர் அடி உயர்த்தினால் என்ன ஆகும்? நீர் பரப்பு 50 ஏக்கர் என்றால் கூடுதலாகச் சுமார் 22 லட்சம் கன அடி நிற்கும். அதாவது 12 ஏக்கர் நெல். இந்த ஆசையில்தான் மணல் மூட்டை ஏறுகிறது. பழைய கோடிகளில் கருங்கல் தூண்கள் வரிசையாக நட்டிருப்பார்கள். வெள்ளக் காலம் கழிந்த பிறகு, தூண்களுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்துக் கடைசி மழையைப் பிடிப்பதற்காக அவை. காலம் முக்கியம்: மழைக்காலம் முடிந்து அடைத்தால் சேமிப்பு, நடுமழையில் அடைத்தால் ஆபத்து. கரை உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே விட்ட இடைவெளி ஓர் அடி குறைந்துவிடுகிறது. இரவில் பெருமழை வந்தால் கரையின் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் ஏறி வழியும். மண்கரையில் வழியத் தொடங்கினால் அரை மணியில் உடைப்பு. உடைந்த ஏரியின் தண்ணீர் மொத்தமாக அடுத்த ஏரியில் இறங்க, அதன் கோடி தாங்காமல் அதுவும் உடையும். எதிர்த் திசையிலும் நடக்கும்: உள்வாயில் பட்டா வைத்திருப்பவர்கள் பயிர் மூழ்காமலிருக்க இரவோடு இரவாகக் கோடியைக் கொத்தித் தாழ்த்துவார்கள். இரண்டுக்கும் எதிராக ஒரே சான்று குறிப்பேட்டு மட்டம். பொறியாளரை வைத்து அந்த மட்டத்தை மதகின் கல்லிலோ அருகிலுள்ள பாறையிலோ வெட்டிக் குறித்துவைத்தால் பாதிச் சண்டை குறையும்.

கரை உடைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மதகுக் குழாயின் வெளிப்புறம் மண் சரியாக ஒட்டாமல் அதை ஒட்டியே கசிவது; நண்டு வளை, எலி வளை; வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கி விட்ட துளை. கசிவு நீர் தெளிவாக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள்; உடனே நீர்மட்டத்தைக் குறைக்க வேண்டும். கரையை உயர்த்தும்போது ஒரே மூச்சில் லாரி லாரியாகக் கொட்டிப் பொக்லைன் வாளியால் தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. முக்கால் அடிக்கு மேற்படாத அடுக்காகப் போட்டு, ஈரம் காட்டி, உருளை விட்டு இறுக்கினால்தான் பழைய மண்ணோடு சேரும். இல்லாவிட்டால் புது மண் முதல் மழையிலேயே சரியும்.

2017ல் அரசு குடிமராமத்து என்ற பெயரையே மீட்டு, ஆயக்கட்டு உழவர் சங்கங்கள் 10 சதவீதப் பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்ற முறையில் பணி கொடுத்தது. பல ஏரிகளில் கரை பலப்பட்டது உண்மை. ஆனால் கரை கண்ணுக்குத் தெரியும், அளவெடுத்துப் பில் போடலாம். மூன்று கிலோமீட்டர் தள்ளி மாந்தோப்புக்குள் மறைந்து கிடக்கும் வரத்துக்கால் அப்படியல்ல. நம் ஏரிகள் பலவற்றில் பலமான கரை, அழகான மதகு, வராத தண்ணீர்.

வண்டல் கணக்கையும் பார்த்துவிடலாம். சிறு கனிம விதிகளின்படி ஏரி வண்டலை உழவர் இலவசமாக எடுக்கலாம்: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர், மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். டிராக்டர் கணக்கில் 25, 30, 20 நடை. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். 50 ஏக்கர் நீர் பரப்பில் ஓர் அடி வண்டல் என்பது சுமார் 61,700 கன மீட்டர், 20,000 நடைக்கு மேல். 100 ஏக்கர் நன்செய் ஆயக்கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் முழு அளவை அள்ளினாலும் 2,500 நடைதான். ஏரியில் ஒன்றரை அங்குலம் ஆழப்படும். இலவச வண்டல் வயலுக்கு நல்லது. ஏரியை மீட்டுவிடும் என்று நம்ப வேண்டாம். எங்கே வெட்டுகிறோம் என்பதும் உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்து நீர் மதகு வழியே வயலுக்கு வராது. மண்ணில் இறங்கவும் மாடு குடிக்கவும்தான் உதவும். கரையின் உள் அடியை ஒட்டி வெட்டினால் கரை சரியும். களிமண் அடுக்கை முழுதும் வழித்து எடுத்துவிட்டால் ஏரி தண்ணீரை நிறுத்தாது.

வரத்துக்காலை மீட்க விரும்பும் ஊரார் முதலில் பார்க்க வேண்டியது அ-பதிவேடும் (நிலத்தின் வகை எழுதிய கிராமப் பதிவேடு) புல வரைபடமும். இரண்டும் இணையத்தில் சர்வே எண் போட்டால் கிடைக்கும். கால்வாய் ஓடும் இடம் ‘ஓடைப் புறம்போக்கு’ அல்லது ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருந்தால் அரசு நிலம். 1905 சட்டப்படி வருவாய்த்துறையிடம் அளக்கச் சொல்லலாம். ஜமாபந்தியில் (வருவாய்த்துறை ஆண்டுதோறும் நடத்தும் கணக்குத் தணிக்கை) மனு கொடுத்து எண் வாங்கிவைப்பது நல்லது. வரைபடத்தில் தனி எண் இல்லாமல் யாரோ ஒருவரின் பட்டா நிலத்துக்குள் வாய்க்கால் ஓடுகிறதென்றால் தாசில்தாரிடம் போய்ப் பயன் குறைவு. அது 1882ன் அனுபோக உரிமைச் சட்டத்தின் (பிறர் நிலத்தின் மீது வழக்கத்தால் வரும் உரிமைகளைப் பற்றியது) கீழ் வரும் மாமூல் வாய்க்கால். வழக்கு சிவில் நீதிமன்றத்தில். 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடையறாமலும் தண்ணீர் ஓடியதைக் காட்ட வேண்டும். அந்த அனுபவம் தடைபட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். வாய்க்காலை அடைத்ததைத் தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தால், அனுபவம் அங்கேயே முறிந்ததாகச் சட்டம் கொள்ளும். திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று பேச்சுவார்த்தையிலேயே ஓராண்டு கழித்துவிட்டு வழக்கறிஞரிடம் போகும் ஊர்கள் இங்கேதான் தோற்கின்றன. பேச்சுவார்த்தை நடக்கட்டும், எழுத்தில் ஓர் ஆட்சேபணை முதல் வாரமே போய்விட வேண்டும்.

ஆக்கிரமிப்பு என்றால் வேலி போட்டு உழுவது மட்டுமல்ல. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்திலிருந்து ஓர் அங்குல மழை வழிந்தால் 9 லட்சம் கன அடி. அது மூன்று மணி நேரத்தில் வந்தால் நொடிக்கு 83 கன அடி. தோட்டத்துக்கு வண்டி போக ஒருவர் ஓடையில் 2 அடி விட்டச் சிமென்ட் குழாய் ஒன்றைப் போட்டு மேலே மண் மூடிவிடுகிறார். அந்தக் குழாயில் நொடிக்கு 15 கன அடி போனால் அதிகம். மீதி எங்கோ உடைத்துக்கொண்டு போகும், ஏரிக்கு அல்ல. சாலை போடும்போது சிறுபாலங்களைக் குறைத்துக் கட்டுவதும் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. இவர்கள் யாரும் சென்ட் நிலத்தைக்கூட அபகரிக்கவில்லை என்பதால் ஆக்கிரமிப்புச் சட்டத்தில் எளிதில் சிக்குவதில்லை.

ஆற்றுப் பாசனம் இந்தப் பகுதியில் சிறிது, ஆனால் அதன் சட்டம் தெளிவானது. தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை 1957ல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 52 அடி, பாசனம் 9,012 ஏக்கர். பருவந்தோறும் எத்தனை நாள், எந்தக் கால்வாயில் எவ்வளவு என்று அரசு ஆணை வந்த பிறகே மதகு திறக்கும். அணைக்குக் கீழே நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாரூர் பெரிய ஏரிக்குக் கால்வாய் போகிறது. 2,397 ஏக்கர் சொச்சம் ஆயக்கட்டு. மேலே கர்நாடகத்தோடு 1892ல் ஏற்பட்ட சென்னை–மைசூர் ஒப்பந்தத்தில் தென்பெண்ணையின் பெயர் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் ஆறுகளில் சென்னையின் சம்மதமின்றி மைசூர் புதிய தேக்கம் கட்டக் கூடாது. கிளையான மார்க்கண்டேய நதிக்கும் இது பொருந்தும் என்பது தமிழ்நாட்டின் வாதம். அந்த நதியில் கர்நாடகம் எழுப்பிய யார்கோள் அணைக்கு எதிரான இடைக்கால மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் போகச் சொன்னது. வெள்ளக்கால உபரியை அலியாளம் அணைக்கட்டிலிருந்து தூள்செட்டி ஏரிக்கும், எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளிக்கும் கொண்டுபோகும் திட்டங்கள் பேசப்படுவது இந்த ஆற்றை நம்பித்தான். உபரி எது என்பது கீழே சாத்தனூர் அணை வரையுள்ள பழைய பாசனங்களின் பங்கு போன மீதி. ஆகவே அந்தக் கால்வாய்களில் தண்ணீர் ஓடும் நாட்கள் சில. அதற்குள் ஏரிகளை நிரப்ப வேண்டுமென்றால் கால்வாயை அகலமாகவே வெட்ட வேண்டும்.

இப்போது கிணறு. 1882 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, தெரிந்த தடத்தில் ஓடாத நிலத்தடி நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம். கவலை (மாடு கட்டி நீர் இறைக்கும் முறை) ஓட்டிய காலத்தில் இந்த உரிமைக்கு ஓர் இயற்கை வரம்பு இருந்தது. இரண்டு மாடு இறைக்கும் அளவுக்குமேல் இறைக்க முடியாது. மின்மோட்டார் வந்தது, 1990ல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் வந்தது, பிறகு ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியது. சட்டத்தின் வரி மட்டும் மாறவில்லை. 2003ல் மாநிலம் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. நடைமுறைக்கு வராமலேயே 2013ல் அது நீக்கப்பட்டது. பாறையிடுக்கில் நெடுங்காலம் கிடந்த நீரை உறிஞ்சியதன் விலையைத் தருமபுரி மக்கள் பல்லிலும் எலும்பிலும் கொடுத்தார்கள். குடிநீரில் புளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இங்கே பல கிணறுகளில் தாண்டியது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,929 கோடி ரூபாயில் 2013ல் முடிந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்கு மாற்றாக வந்தது.

ஏரிக்குள் கிணற்றுச் சண்டை நுழைந்தது இந்தப் பின்னணியில். ஆயக்கட்டில் கிணறு உள்ளவர், மதகை மூடியே வைத்தால் ஏரி நீர் இறங்கித் தன் கிணறு ஏப்ரல் வரை ஊறும் என்பார். கிணறில்லாதவருக்கு மதகு திறந்தால்தான் நடவு. 2000ன் உழவர் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் இருவரும் உறுப்பினர். ஆயக்கட்டுக்கு வெளியே கரைக்குக் கீழே போர் போட்டவர் உறுப்பினரே அல்ல, ஆனால் ஏரி நிரம்பினால் அவருக்கும் தண்ணீர். சட்டத்தின் கண்ணில் உரிமை உள்ளது மதகு வழி வரும் நீருக்குத்தான். கசிந்து ஊறும் நீரில் யாருக்கும் பங்கு எழுதப்படவில்லை. சில ஊர்களில், மதகை மூடிவைக்க ஒப்பினால் கிணறில்லாதவர் வயலுக்குக் கிணற்றுக்காரர்கள் தண்ணீர் விட வேண்டும் என்று பேசி முடிக்கிறார்கள். அது நியாயமான ஏற்பாடு. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் மட்டுமே அடுத்த வருடமும் நிற்கும்.

கூட்டுக் கிணற்றுக்கு மட்டும் எழுத்து நன்றாக வளர்ந்திருக்கிறது. பத்திரத்தில் ‘கிணற்றில் நான்கில் ஒரு பங்கு, மின்மோட்டார் இணைப்பில் நான்கில் ஒரு பங்கு, மாமூல் வாய்க்கால் தடம், வண்டித் தடம்’ என்று வரும். விட்டுப்போவது முறைநாள். நான்கு பங்குக்கு நான்கு நாள் சுற்று என்றால், மும்முனை மின்சாரம் வரும் நேரம் வாரவாரம் மாறும்போது ஒருவருக்கே தொடர்ந்து இரவுமுறை விழலாம். எனவே முறையை நாள் என்று எழுதாமல் மின்சாரம் வரும் மணி என்று எழுதுவது நல்லது. கிணற்றை ஆழப்படுத்தினாலோ உள்ளே துளை போட்டாலோ செலவும் கூடுதல் நீரும் எந்த விகிதம் என்பதையும், பங்குதாரர் ஒருவர் கிணற்றருகே தனிப் போர் போடக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். மின் இணைப்பு பெரும்பாலும் மூத்தவர் ஒருவர் பெயரில்தான் இருக்கும். அவர் மறைந்தபின் வாரிசுகள் பெயர் மாற்றும்போது மற்றப் பங்குதாரர்களிடம் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் இணைப்பில் தன் பங்கு எவ்வளவு என்ற வரி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.